நலமானவர் தேவை

மனித இனம் இதுவரை இரண்டே முறைதான் தலை நிமிர்ந்திருக்கிறது. கல்லோடு கல்லை உரசி நெருப்பைக் கண்டபோது ஒருமுறை. வளர்சிதை மாற்ற ஆய்வு நிலையத்தின் இயக்குநர் தம் கேன்டீனில் எரிந்துகொண்டிருந்த அந்த நெருப்பை அணைத்தபோது மறுமுறை. முதல் சாதனையைச் செய்தவர் யாரென்று தெரியாமலே போய்விட்டது. இரண்டாவதற்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுப்பு இருந்த இடத்தில் தம் பெயர் பொறித்த பளிங்குக் கல் ஒன்றை இயக்குநரே பதித்தார். அவரே திரையை விலக்கினார். கைதட்டலையும் அவரே தொடங்கி வைத்தார்.

சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று ஆராய்வதுதான் நிலையத்தின் வேலை. பெரும்பாலானோருக்கு அது போகவேண்டிய வழியில் போய்விடும். சில குழந்தைகளுக்கு அந்த வழியில் எங்கோ ஒரு கதவு பிறவியிலேயே பூட்டிக் கிடக்கும். பூட்டிய கதவுக்கு முன்னால் சத்துகள் தேங்கித் தேங்கி நஞ்சாகும். எந்தக் கதவு என்று ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது மூன்றாம் மாடியில் ஓர் ஆய்வாளரின் பொறுப்பு. அவள் கெட்டிக்காரி. பயந்தாங்கொள்ளியும்கூட. இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்றால், இயக்குநரிடம் சொல்லவேண்டியதை எல்லாம் அவள் மிகத் துல்லியமாக, ஆதாரங்களோடு, ரத்தம் சுழற்றும் இயந்திரத்திடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது இரைச்சலோடு சுற்றும். எதிர்க்கருத்து சொல்லாது.

இயக்குநர் கடல் கடந்து ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியதில் தொடங்கியது எல்லாம். ஆதிமனிதனுக்குச் சர்க்கரை நோய் இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, மூட்டுவலி இல்லை என்று வந்த கையோடு சுற்றறிக்கை விட்டார். முப்பது வயதுக்கு மேல் ஆதிமனிதனே இல்லை என்பதைச் சுற்றறிக்கை குறிப்பிடவில்லை. தாளில் இடம் போதாமல் போயிருக்கும்.

இப்படிப் பிறந்ததுதான் 'ஆதிமனிதத் திட்டம்'. நிலையத்துக்குள் ரொட்டி, சோறு, பிஸ்கட், சர்க்கரை எதுவும் நுழையக் கூடாது. ஊழியர்கள் முட்டையும் இறைச்சியும் கொழுப்பும் சாப்பிடலாம். இவற்றுக்கெல்லாம் மணிமகுடமாக 'கட்டுமானப் பொடி'யைக் கரைத்துக் குடிக்க வேண்டும். அது கலப்படமில்லாத புரதம். வெள்ளையடித்த சுவரை நக்கியதுபோல இருக்கும். குகையில் வாழ்ந்தவனுக்கு டின்னில் அடைத்த பொடி எந்தக் கடையில் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் விவசாயத்துக்குப் பிறகுதான் வந்தது என்று இயக்குநர் முன்னதாகவே விளக்கியிருந்தார்.

திட்டத்தைக் கட்டிக்காக்க மூவர் கொண்ட 'இனிப்பு ஒழிப்புக் கண்காணிப்புக் குழு' அமைந்தது. நிர்வாக அதிகாரி தலைவர். கணக்கரும் வாகனப் பொறுப்பாளரும் உறுப்பினர்கள். தலைவருக்கு 'மோப்பம்' என்று பெயர் விழ ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூடிய இழுப்பறைக்குள் மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பிஸ்கட்டை, அது எந்த வகை என்பது உட்பட, வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். கைப்பற்றியதை ஒரு பெரிய பையில் போட்டு, "விதிப்படி அழிக்கப்படும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் குரலில் ஒரு தியாகியின் கம்பீரம் இருக்கும்.

திங்கட்கிழமை காலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒருவருடைய ரத்தம் சரியில்லை என்று சொல்வதற்குச் சரியான ரத்தம் எது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக நிலையத்து ஊழியர்கள் எல்லோரும் விரலைக் குத்தி அட்டையில் ஒரு சொட்டு வைப்பது பழைய வழக்கம். அந்த ரத்தம்தான் அளவுகோல். அந்த ஊழியர்களுக்கு 'நலமானவர்' என்று அலுவல் பட்டம். இந்த வழக்கத்தை இயக்குநர் மேலும் செழுமைப்படுத்தினார். குழந்தைக்கு ஓர் அளவு, பெரியவருக்கு ஓர் அளவு என்றிருந்த 'பாகுபாட்டை' ஒழித்தார். வாராவாரம் புதிய ரத்தத்திலிருந்து புதிய அளவுகோலை இயந்திரமே போட்டுக்கொள்ளும்படி ஆணையிட்டார். குத்திக்கொள்வதற்குச் சற்று முன்பு எல்லோரும் கூடத்தில் வரிசையாக நின்று ஒரே மடக்கில் பொடியைக் குடிக்கும் 'கூட்டுப் பருகல்' சடங்கையும் ஏற்படுத்தினார்.

விளைவு உடனே தெரிந்தது. அதுவரை மாதத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகளிடம் ஏதோ ஒரு பூட்டிய கதவைக் கண்டுபிடித்துச் சொல்லிவந்த நிலையம், அதற்குப் பிறகு ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. வந்த அட்டை எல்லாம் 'நலம்' என்று வெளியே வந்தது. ஆய்வாளருக்கு நிம்மதியாக இருந்தது. தாய்மார்களிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்வது எத்தனை சுகம் என்று முதல் தடவையாக உணர்ந்தாள். அந்த நிம்மதியைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நிம்மதியைச் சோதிக்க அவளிடம் இயந்திரமும் இல்லை.

தவிர, அவள் பசியில் இருந்தாள். மாவுச்சத்தும் சர்க்கரையும் கண்ணில் படாத உடம்பு ஒருவிதக் கிறுகிறுப்பில் மிதந்தது. எங்கு போனாலும் ரொட்டி வாசனை வந்தது. லிஃப்டில் வந்தது. கோப்புகளில் வந்தது. வீட்டில் கணவரின் தலைமுடியில் வந்தது.

"என்ன, மோந்து பாக்குற?" என்றார் கணவர்.

"ரொட்டி வாசனை வருது. குளியலறையில என்ன பண்ணீங்க இவ்வளவு நேரம்?"

"குளிச்சேன்."

"வாய்ல என்ன?"

"சோப்பு," என்றார் அவர், மென்று விழுங்கியபடி.

அவள் நம்பினாள். வீட்டிலும் மாவும் சர்க்கரையும் தொட மாட்டோம், தொட்டவரைக் குழுவிடம் சொல்வோம் என்று நிலையத்தில் 'இல்ல உறுதிமொழி' எடுத்திருந்தாள். நம்பாமல் இருந்தால் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்படி மானுடம் மேலேறிக்கொண்டிருந்த ஒரு நாள் காலை, ஒரு தாய் தன் மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தாள். குழந்தைக்கு லேசான சளியும் காய்ச்சலும். சாதாரணக் குழந்தை அந்தக் காய்ச்சலோடு நாற்காலி நாற்காலியாகத் தாவும். இவள் நனைந்த துணிபோலத் தொங்கினாள்.

"சும்மா இருக்கும்போது வாலு, மேடம். வீட்டையே புரட்டிடுவா," என்றாள் தாய். "ஒரு சளி பிடிச்சாப் போதும், இப்படி ஆயிடுறா. நடந்தா தள்ளாடுறா. போன தடவை கூப்பிடக் கூப்பிட முழிக்கவே இல்ல. பாக்காத டாக்டர் இல்ல. ஒருத்தர் பயந்த சுபாவம்னாரு. இன்னொருத்தர் எனக்குத்தான் பயந்த சுபாவம்னாரு."

ஆய்வாளர் குழந்தையின் விரலில் ஒரு சொட்டு எடுத்தாள். சிறுநீரும் ஒரு சிறு புட்டியில் வந்தது. குழந்தைக்கு அருகில் குனிந்தபோது பாகு காய்ச்சும் வாசனை வந்தது. சர்க்கரை பொன்னிறம் தாண்டிக் கருகத் தொடங்கும் நேரத்து வாசனை. அவள் வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது. நேற்று இயக்குநரின் சுற்றறிக்கையிலேயே கேக் வாசனை வந்தது அவளுக்கு. 'அடச்சீ, காய்ச்சல்கார பிள்ளைகிட்டயுமா?' என்று தன் மூக்கைத் தானே கடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

இயந்திரம் யோசித்தது. 'நலம்' என்றது.

"நலம்தான் அம்மா," என்றாள் அவள். வழக்கமான சுகம் இந்தமுறை வரவில்லை. தாயின் முகத்திலும் நிம்மதி வரவில்லை. நலம் என்ற சொல்லைக் கேட்டு இப்படி இருண்ட முகத்தை அவள் பார்த்ததில்லை. இத்தனை பேர் நலம் என்ற பிறகும் தோளில் கிடப்பது அப்படியே கிடக்கிறதே என்ற இருட்டு.

அந்தச் சமயத்தில் கீழேயிருந்து ஆணை வந்தது. அன்று பிற்பகல் கூடத்தில் விழா. நிலையத்துக்குக் கொடை தரும் பெரியவர்கள் வருகிறார்கள். 'நலமான குழந்தை' ஒன்று மேடைக்குத் தேவை. இயக்குநர் அதற்கு 'ஆதிமனிதத் தூதர்' பட்டம் சூட்டி, ஒரு டின் பொடி கொடுத்து, முதல் கோப்பையை எல்லோர் முன்னிலையிலும் தம் கையாலேயே புகட்டுவார். இப்போது கட்டடத்தில் இருக்கும் ஒரே குழந்தை இதுதான். இலவசமாகப் பெரிய டாக்டரே கொடுக்கிறார் என்றதும் தாயும் தலையாட்டினாள். தாயையும் மகளையும் இரண்டு பேர் மரியாதையாகக் கீழே அழைத்துப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் வாசனை போகவில்லை. ஆய்வாளர் கையைக் கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள். வாசனை அப்படியே நின்றது. அப்போது கதவு திறந்தது. முதலில் ஒரு மூக்கு வந்தது. சற்றுத் தாமதமாக நிர்வாக அதிகாரியின் மீதி உடம்பு வந்தது.

"யாரும் அசையக் கூடாது," என்றார் மோப்பம். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. "இங்க மிட்டாய் இருக்கு."

"இல்லைங்க."

"இருக்கு மேடம். கீழ மாடிப்படியிலேயே பிடிச்சுட்டேன். பாகு. நல்லாக் காய்ச்சினது. கொஞ்சம் விட்டிருந்தா அடிப்பிடிச்சிருக்கும்." கண்ணை மூடிக்கொண்டார். "வெண்ணெய் சேக்கல."

அவளுக்குள் ஏதோ நின்றுபோனது.

"உங்களுக்கும் வருதா அந்த வாசனை?"

"எனக்கு வராம?"

மோப்பம் அலமாரியைத் திறந்தார். குளிர்பெட்டியைத் திறந்தார். சுழலும் இயந்திரத்தைக்கூட மோந்து பார்த்து மன்னித்தார். கடைசியில் மேசைமேல் இருந்த சிறு புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூடியைத் திறந்தார். ஆள்காட்டி விரல் உள்ளே போகும் தூரத்தில் இருந்தது.

"வேணாங்க," என்றாள் அவள்.

"எந்தக் கடை சர்பத்து இது?"

"அது அந்தக் குழந்தையோட சிறுநீர்."

புட்டியை அவர் கீழே போடவில்லை. அதிகாரி என்பதால் கைப்பற்றிய பொருளைக் கீழே போட முடியாது. முகம் மட்டும் பல நிறங்களுக்குப் போய்த் திரும்பியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசனை கனவு அல்ல. பசி அல்ல. பாகு வாசனை வீசும் அந்த நோயைப் பற்றி அவள் மாணவியாக இருந்தபோதே படித்திருக்கிறாள். புரதத்திலிருந்து வரும் சில துண்டுகளைச் சிதைக்கும் கத்தரி அந்தக் குழந்தைகளுக்குக் கிடையாது. காய்ச்சலோ புரதமோ கூடினால் துண்டுகள் குவிந்து மூளையைத் தூங்கவைக்கும். வாழ்நாளில் ஒருமுறையாவது அந்த வாசனையைப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், அது மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தபோது தன்னைத் திட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்திருக்கிறாள்.

ரத்த அட்டையின் எண்களை எடுத்துப் பார்த்தாள். அந்தத் துண்டுகள் குழந்தையின் ரத்தத்தில் ஏராளமாக இருந்தன. 'நலமானவர்'களின் ரத்தத்திலும் ஏராளமாக இருந்தன. பொடியைக் குடித்த வாயைத் துடைப்பதற்குள் விரலைக் குத்திக்கொண்டால் வேறு எப்படி இருக்கும்?

கீழே கூடத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பைப் பொடி. காய்ச்சலில் இருக்கும் அந்தக் குழந்தைக்கு ஒரு கோப்பை போதும்.

இயக்குநரின் அறைக்கு ஓடினாள். ஆதிமனிதன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்பதால் இயக்குநர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பாறைமேல் மெத்தை இருந்தது. மேடைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"சார், அந்தக் குழந்தைக்கு நலம்னு வந்திருக்கிறது தப்பு."

"இயந்திரம் தப்புங்கிறீங்களா?"

"இயந்திரம் சரி சார். நாமதான் தப்பு."

"நாமன்னா?"

"நிலையம் முழுக்க. நம்ம எல்லார் ரத்தத்துலயும் அது ஏறிக் கிடக்கு. நம்மள வச்சு அளந்தா, நோயுள்ள பிள்ளையும் நலமாத்தான் தெரியும். எல்லாரும் கோணலா நிக்கிற வரிசையில கோணல் எப்படி சார் தெரியும்?"

"எல்லாரும் கோணலா நின்னா, அம்மா, நிமிந்து நிக்கிறவன்தான் கோணல். இதுக்குப் பேருதான் புள்ளியியல்."

"அந்தக் குழந்தைக்குப் பொடி விஷம் சார்."

"பொடி விஷமா? ஆதிமனிதன்..."

"ஆதிமனிதன் குழந்தைக்கு இந்த நோய் இருந்தா அது செத்துப்போயிருக்கும் சார். அதனாலதான் அவன் காலத்துல நோயாளியே இல்ல."

இந்த வாக்கியத்தை அவள் பலமுறை சுழலும் இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறாள். மனிதரிடம் சொன்னது இதுவே முதல்முறை. காது சூடாகியது. இயக்குநர் கோபப்படவில்லை. அவர் அறிவியலாளர். ஆதாரம் கேட்டார்.

"சரி. நலமான ஒருத்தரைக் கொண்டு வாங்க. அவர் ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாப்போம். ஆனா விதிப்படி அவர் நிலையத்து ஊழியரா இருக்கணும்."

"ஊழியர் எல்லாரும் பொடி குடிக்கிறவங்க சார்."

"ஆமா. குடிக்காத ஊழியர் யாராவது இருந்தா அவரை உடனே வேலையை விட்டு எடுத்துடுவோம்."

"அப்புறம் அவர் ஊழியர் இல்லையே சார்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க," என்று இயக்குநர் அன்போடு சிரித்து, பேச்சின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவள் மாடி மாடியாகப் போனாள். கோடிக்கணக்கில் நலமானவர்கள் நடமாடும் உலகத்தில், நலத்தை ஆராயும் ஒரு கட்டடத்துக்குள் ஒரு நலமானவரைத் தேடி அலைந்தாள். நூலகரிடம் காதோடு காதாக, "நீங்க ரகசியமா பிஸ்கட் சாப்பிடுறது உண்டா?" என்று கேட்டாள்.

நூலகர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிஸ்கட்டா? அது திரவமா, திடமா?" என்றார்.

முதல் மாடியில் ஒருவர், "குழு அனுப்பிச்சுதா உங்களை?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லாமலே இரண்டு கோப்பைப் பொடியை அவள் கண்முன் குடித்துக் காட்டினார். தட்டச்சர் அழுதேவிட்டார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அழுத கண்களையும் வெளிறிய கன்னங்களையும் பார்த்தபோது, அவர்கள் சொல்வது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நேர்மையான மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் கண்டு அவளுக்குக் குலை நடுங்கியது.

திரும்பி வந்தபோது மோப்பம் புட்டியோடு அங்கேயே நின்றிருந்தார். பாவம், ஒரு சிக்கலில் இருந்தார்.

"கைப்பற்றியாச்சு. விதிப்படி அழிக்கணும். இதை எப்படிங்க அழிக்கிறது?"

"மத்ததை எல்லாம் எப்படி அழிப்பீங்க?"

மோப்பம் கூரையைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டடமே வெளிறிக் கிடக்கும்போது அந்தக் கன்னங்கள் மட்டும் மாதுளைபோல இருந்தன. கண்ணில் ஒளி. நடையில் துள்ளல். மீசையின் இடது ஓரத்தில், வாழ்க்கையில் அவள் பார்த்த காட்சிகளிலேயே அழகானதாக, ஒரு பிஸ்கட் துகள்.

"தினமும் அழிக்கிறீங்களா?" என்றாள் மெதுவாக.

"கடமைன்னு வந்துட்டா..."

"தனியாவா?"

"சேச்சே. குழுவில மூணு பேரும் சேந்துதான். சாட்சி வேணும்ல?"

"அப்போ திங்கக்கிழமைப் பொடி?"

"நாங்க வாசல்ல காவல் நிப்போம் மேடம். பக்கத்துல செடித்தொட்டி இருக்கு." சற்று நிறுத்தி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "அந்தச் செடி போயிடுச்சு."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக ஊசியை எடுத்தாள்.

"உங்க மூணு பேர் ரத்தமும் வேணும். இப்பவே."

"எதுக்கு? மாட்டிவிடவா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு மேடம்."

"கீழ ஒரு அம்மாவுக்கும் பிள்ளை இருக்கு. உங்க மூக்கு சொன்னது சரி, இயந்திரம் சொன்னது தப்பு. ஆனா மூக்கை ஆதாரம்னு அறிக்கையில எழுத முடியாது. இந்தக் கட்டடத்துல ஆரோக்கியமா இருக்கிறது நீங்க மூணு பேர் மட்டும்தான்."

மோப்பத்தின் மூக்கு சிவந்தது. ஆண்டுக்கணக்காக அந்தக் கட்டடத்தில் ஆரோக்கியத்தைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கிறார்கள். அவரிடம் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. "என் பெண்டாட்டி ஊதிப்போயிட்டேங்கிறா," என்று முணுமுணுத்தபடி விரலை நீட்டினார். பிறகு போனை எடுத்துக் கணக்கரையும் வாகனப் பொறுப்பாளரையும் அழைத்தார். "மேல வாங்க. அழிப்பு இல்ல. வேற விஷயம். வாயைத் துடைச்சுட்டு வாங்க."

நாள்தோறும் உண்டு கொழித்த மூன்று நல்ல ரத்தச் சொட்டுகள் இயந்திரத்துக்குள் போயின. ஊழியர் விதி மீறப்படவில்லை. மூவரும் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். அளவுகோல் சரசரவென்று கீழே இறங்கியது. குழந்தையின் அட்டையை மறுபடி கொடுத்தாள். இயந்திரம் அந்த ஆண்டில் முதல்முறையாக வேறொரு சொல்லைச் சொன்னது. 'ஆபத்து.'

லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. அவள் படிகளில் ஓடினாள். பின்னால் மோப்பம் புட்டியைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தபடி ஓடினார். அவருக்குப் பின்னால் குழு ஓடியது. இறங்கும்போதே அவள் சொல்லவேண்டியதைக் கோத்தாள். நொதிக் குறைபாடு, ஒப்பீட்டு அளவின் பிறழ்வு, மறுசோதனை முடிவு. எல்லாம் கச்சிதமாக வந்தது.

கூடத்தில் கொடையாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மேடையில் தாயின் மடியில் குழந்தை சரிந்து கிடந்தது. "எவ்வளவு சாந்தமான தூதர், பாருங்கள்," என்று இயக்குநர் சொல்ல, கைதட்டல் எழுந்தது. அவர் கையில் கோப்பை இருந்தது. அது குழந்தையின் உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஆய்வாளர் மேடை ஏறினாள். வாயைத் திறந்தாள். கோத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. வந்தாலும் என்ன பயன் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெளிந்தது. அறிவியலைச் சொன்னால் இவர் புள்ளியியல் சொல்வார். அதற்குள் கோப்பை காலியாகும்.

"சார்," என்றாள். "இந்தப் பிள்ளை மேல இனிப்பு வாசனை வருது."

இயக்குநரின் கை மின்சாரம் தொட்டதுபோல விலகியது. கோப்பையில் பாதி அவர் சட்டையில் கொட்டியது.

"என்ன சொன்னீங்க?"

"பாகு சார்," என்றார் மோப்பம், மூச்சிரைக்க. "குழு நேரடியா உறுதி செஞ்சது. பொருள் கைவசம் இருக்கு." புட்டியை உயர்த்தினார். முன்வரிசை மரியாதையோடு பார்த்தது. "இனிப்பு வாசனை உள்ளவங்களுக்கு நிலையத்தோட பொடி கொடுக்கக் கூடாதுன்னு விதி."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"இருக்கு சார்," என்றார் மோப்பம், அந்தக் கணத்தில் அதை இயற்றியபடி.

விதி என்று வந்துவிட்டால் இயக்குநர் தம் உயிரையும் கொடுப்பார். பொடியை விடமாட்டாரா? கோப்பை மேசைக்குப் போனது. டின் திரும்பிப் போனது. பட்டம் பறிக்கப்பட்டது. ஒரு குழந்தை இத்தனை அவமானத்தோடு காப்பாற்றப்பட்டது உலக மருத்துவத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

தாய்க்கு இது எதுவும் புரியவில்லை. கண்ணீரும் கோபமுமாக எழுந்து நின்றாள். "என் பிள்ளைமேல வாசனையா? பாகு வாசனை வருது, பாகு வாசனை வருதுன்னு நான் எத்தனை டாக்டர்கிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எனக்குத்தான் மூளை சரியில்லன்னாங்க. இப்போ மேடைமேல ஏத்தி வச்சு அதையே குத்தமாச் சொல்றீங்களா?"

"குத்தம் இல்லம்மா," என்று ஆய்வாளர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "கண்டுபிடிச்சாச்சு. நீங்க சொன்னதுதான் சரி. வாங்க, போயிட்டே சொல்றேன்."

நிலையத்தை ஒட்டி இருந்த மருத்துவமனையில் குழந்தையின் நரம்பு வழியாகச் சர்க்கரைக் கரைசல் ஏறியது. புரதம் குறைந்த சாப்பாடு, அந்தத் துண்டுகள் நீக்கப்பட்ட தனிப்பால், காய்ச்சல் வந்தால் உடனே சர்க்கரையோடு மருத்துவமனை என்று அங்கிருந்த மருத்துவர் தாய்க்கு விளக்கினார். குழந்தை கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தை அலட்சியமாகப் பார்த்துவிட்டு, மோப்பத்தின்மேல் கண்ணை நிறுத்தியது.

"மாமா, மீசையில பிஸ்கட்டு," என்றது.

மோப்பம் துடைத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார். "மருத்துவ நோக்கத்துக்காக விடுவிக்கப்படுகிறது," என்றார்.

மாலைக்குள் இயக்குநரும் வந்துசேர்ந்தார். சட்டை மாற்றியிருந்தார். கருத்தும் மாற்றியிருந்தார். "ஆதிமனிதனுக்குக் கருவிகள் கிடையாது. மூக்குதான். இன்னிக்கு நம்ம திட்டம்தான் அந்த மூக்கை மீட்டெடுத்து ஒரு அரிய நோயைக் கண்டுபிடிச்சிருக்கு," என்று கொடையாளர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆண்டறிக்கைக்கு அதை எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை. அத்தனை மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆய்வாளர் கணவருக்கு போன் செய்து, "ரொட்டி வாங்கி வைங்க. குளியலறையில இல்ல, மேசைமேல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. தலை சுற்றியது. பசியா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க விரும்பவில்லை.

தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எங்களுக்கு முன்னாடி வந்தாங்களே, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு. நலம்னு சொல்லி அனுப்பினீங்களே. அவங்களுக்கும் அந்தப் பொடி குடுத்தீங்களா?"

ஆய்வாளரின் சிரிப்பு எங்கே நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை. நலம் என்று அவள் சொன்ன ஒவ்வொரு தாய்க்கும் போகும்போது நிலையத்தின் அன்பளிப்பாக ஒரு டின் கொடுப்பது வழக்கம். நிலையத்தின் தாராள மனத்துக்கு அது எடுத்துக்காட்டு. அவள் போனை எடுத்தாள். முதலில் நினைவுக்கு வந்த முகத்தின் எண்ணைத் தேடி அழைத்தாள்.

"நிலையத்துலேருந்தா?" என்றது ஒரு பெண்குரல், மலர்ச்சியாக. "நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க. டின்னு தீரப்போகுதுங்க. இன்னொண்ணு கிடைக்குமா?"

"பிள்ளை எப்படிம்மா இருக்கான்?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கான். முன்னெல்லாம் கத்தித் தீத்துடுவான். பொடி குடுக்க ஆரம்பிச்சதுலேருந்து சத்தமே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கான். இன்னிக்கு எழுப்பினாக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

"பொடியைத் தொடாதீங்க. தூக்கிக்கிட்டு வாசலுக்கு வாங்க. வண்டி வருது." வாகனப் பொறுப்பாளர் அவள் முடிக்கும் முன்பே சாவியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "யாரு? நம்ம பொடியைப் பத்தியா பேசுறாங்க? என்ன சொல்றாங்க?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "பிள்ளை இப்போ அழறதே இல்லையாம் சார்," என்றாள்.

இயக்குநரின் முகம் கனிந்தது. கண்கள்கூடக் கலங்கின. உடனே குனிந்து எழுதினார். அந்த ஆண்டறிக்கை வெளிவந்துவிட்டது. நல்ல வழவழப்பான தாள். 'சாதனைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியை இன்றைக்கும் யாரும் வாசிக்கலாம்: "எமது பொடியைப் பெற்றுச் சென்ற குழந்தைகள் அதன்பின் அழுததாகத் தகவல் இல்லை."